மாதா தேருக்கு ஒரு கோணல் ஸ்டீயரிங்

போன சனிக்கிழமை காலை, ஒழுங்காக இருந்த ஒரு லாரி ஸ்டீயரிங்கைக் கழற்றி, வேண்டுமென்றே கோணலாக மாட்டினேன்.

தெரியாமல் செய்யவில்லை. ஆட்டோமொபைல் இன்ஜினியரிங் படித்தவள். திருவொற்றியூரில் ஒரு கண்டெய்னர் யார்டில் வண்டிகளைப் பராமரிப்பதுதான் என் வேலை என்பது, வாராவாரம் இந்தப் பக்கத்தைப் புரட்டும் உங்களுக்குத் தெரியும். மேஜையில் பேனா சாய்ந்து கிடந்தாலே நேராக்கி வைக்கிற ஆள் நான். பிறகு ஏன்?

எல்லாம் அந்தோணி மாமாவால்தான்.

அந்தோணி மாமா என் அம்மாவின் தம்பி. ராயபுரத்தில் வீடு. சொந்தமாக ஒரு பழைய ஆறு சக்கர லாரி. துறைமுகத்திலிருந்து மணலி, மீஞ்சூர் பக்கத்துக் கிடங்குகளுக்குச் சரக்கு ஏற்றிப் போவார். வருஷத்தில் ஒரே ஒரு நாள் மட்டும் அது சரக்கு லாரி இல்லை. எங்கள் கோயில் திருவிழாவில் மாதா சொரூபத்தைச் சுமந்துகொண்டு தெருத்தெருவாகப் போகும் தேர் அதுதான்.

கொடி ஏற்றிவிட்டால் மாமா வேறு ஆள். பீடி கிடையாது. கெட்ட வார்த்தை கிடையாது. செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடுதான் லாரியில் ஏறுவார். வண்டியைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவுவார். "என்னிக்காச்சும் வூட்ட இப்டி கழுவிகீறாரா கேளு" என்பார் ரீட்டா அத்தை. மாமா கேட்டதாகக் காட்டிக்கொள்ள மாட்டார்.

போன வருஷம் அந்தப் பெருமைக்கு ஓர் அடி விழுந்தது. தேர் ஒரு குறுகலான தெருவில் திரும்பும்போது லாரி லேசாக அலைந்தது. மேலே மாதா சொரூபம் ஆடியது. கிரீடம் ஒரு மாடி வீட்டு பால்கனிக் கம்பியில் போய் மாட்டிக்கொண்டது. சொரூபத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்த கூட்டம் முழுவதும், கிரீடத்தை விடுவிக்கும்வரை ஜெபத்தை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தது. அதற்குப் பிறகு மாமா அந்தத் தெரு வழியாக நடந்துகூடப் போகவில்லை. டீ குடிக்கவும் சுற்றிக்கொண்டுதான் போனார்.

இந்த வருஷம் கொடியேற்றம் முடிந்ததும் திருவிழாக் கமிட்டித் தலைவர், மாமா வீட்டுக்கே வந்துவிட்டார். பெயர் சூசை. ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர். மாமாவோடு ஒரே பெஞ்சில் படித்தவர். அதனால் சுற்றி வளைக்கவில்லை.

"தோ பார்ரா அந்தோணி. இந்த வருசம் வெளில ஒரு மினி லாரி பேசலாம்னு கீறோம். புது வண்டி. டிரைவரோட வருது."

"பேசிட்டீங்களா, பேசப் போறீங்களா?"

"பேசப் போறோம்."

"அப்ப இன்னும் பேசலல்ல? குந்து. டீ குடி."

"டேய், டபாய்க்காத. உன் வண்டி ஸ்டீயரிங்கு பாயசம் கிண்ற மாதிரி ஆடிகினு கீது. மாதாவ ஊஞ்சல்லயா இட்டுனு போவ?"

மாமா டீ டம்ளரையே பார்த்தார். சூசை அண்ணனுக்கும் சங்கடமாகிவிட்டது. கிளம்பும்போது, "சனிக்கிழமை சாயங்காலம் வந்து பாப்பேன். வண்டி ஒயுங்கா இருந்தா நீ ஓட்டு. இல்லாங்காட்டி அவன் ஓட்டுவான்" என்றார். ஞாயிறு தேர். மினி லாரிக்காரரை அதுவரை காத்திருக்கச் சொல்லிவிட்டார்.

அத்தை எனக்கு போன் செய்தார். "ஜெனி, உம் மாமா சாப்ட மாட்டேங்குறாரு. விரதம்னு சொல்லிகினு கீறாரு. விரதம் இல்ல... நீ வா."

வியாழக்கிழமையிலிருந்து லீவு போட்டுவிட்டுப் போனேன்.

மீன்பிடித் துறைமுகத்துப் பக்கம் லாரிகள் நிறுத்துகிற ஒரு காலி இடம். அங்கேதான் மாமாவின் வண்டி நிற்கும். ஏறி உட்கார்ந்து ஸ்டீயரிங்கை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அசைத்தேன். முன் சக்கரம் எனக்கென்ன என்று நின்றது. இது முதல் பிரச்சினை: ஆட்டம். சக்கரங்கள் நேராக நிற்கும்போது ஸ்டீயரிங்கின் குறுக்குக் கம்பி படுக்கையாக இருக்க வேண்டும், கடிகாரத்தில் ஒன்பதேகால் மாதிரி. இங்கே அது பத்து இருபது காட்டியது. இது இரண்டாவது: கோணல்.

"ஸ்டீயரிங் கோணலா இருக்கு மாமா."

"கோணலா கீதுன்னு உனுக்குத்தான் தெரியுது. ரோட்டுக்குத் தெரியல."

"எவ்ளோ நாளா இப்படி?"

"அது பொறந்ததுலேர்ந்து அப்டித்தாம்மா."

இல்லை. எந்த மெக்கானிக்கோ எப்போதோ கழற்றி, ஏனோதானோவென்று மாட்டியிருக்கிறார். மாமாவுக்கு நினைவில்லை.

வேலையை ஆரம்பித்தேன். நான் எதையும் வரிசைப்படிதான் செய்வேன். தரையிலிருந்து மேலே. முதலில் சக்கரத்துக்குப் போகும் கம்பிகளின் பால் ஜாயின்ட்டுகள். நம் தோள் மூட்டு மாதிரி ஒரு உருண்டை, ஒரு குழி. உருண்டைகள் தேய்ந்து கொழகொழவென்று இருந்தன. மாற்றினேன். அடுத்து ஸ்டீயரிங் தண்டைத் தாங்கும் போல்ட்டுகள். எல்லாம் தளர்ந்திருந்தன. முறுக்கினேன். கடைசியாக ஸ்டீயரிங் வளையத்தைப் பிடித்து வைத்திருக்கும் நடு நட்டு. ஸ்பேனரை எடுத்துக்கொண்டு போனால்... அது கையாலேயே சுழன்றது!

எனக்கு வேர்த்துவிட்டது. இந்த வண்டியில்தான் மாதாவும் வந்திருக்கிறாள். மணலிக்குச் சரக்கும் போயிருக்கிறது.

நட்டு தானாகத் தளராது. யார் தளர்த்தியது? அத்தை சாப்பாடு கொண்டுவந்தபோது விடை கிடைத்தது. மாமா பேருக்கு இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு லாரியில் ஏறினார். படியில் ஒரு கால் வைத்தார். ஸ்டீயரிங்கை ஒரு கையால் எட்டிப் பிடித்தார். மொத்த உடம்பையும் அதிலேயே தொங்கவிட்டு, ஒரே இழுப்பில் உள்ளே போனார்.

"மாமா! எப்பவும் இப்படித்தான் ஏறுவீங்களா?"

"பின்ன? பறந்தா ஏறுவாங்க?"

துறைமுக கேட்டில் லாரிகளின் வரிசையைப் பார்த்திருப்பீர்கள். வண்டி கொஞ்சம் நகரும், நிற்கும். இறங்கி ஒரு டீ. முன்வண்டி நகர்ந்தால் ஓடிவந்து ஏற வேண்டும். மறுபடி நிற்கும். இறங்கி நாலு பேச்சு. மறுபடி ஏற வேண்டும். கேட்டுக்குள் போவதற்குள் மாமா தன் ஸ்டீயரிங்கில் எத்தனை முறை தொங்கியிருப்பார்? ஓட்டித் தேய்ந்த வண்டிகளைப் பார்த்திருக்கிறேன். காத்திருந்து தேய்ந்த வண்டியை அன்றுதான் பார்த்தேன்.

"பக்கத்துல கைப்பிடி இருக்கே மாமா. அதைப் பிடிச்சு ஏறலாமே?"

"அதுல சட்ட மாட்டிகீறேன்."

அத்தை தலையில் அடித்துக்கொண்டார். "வூட்லயும் கதவு தாப்பாள்லதான் சட்டய மாட்டுவாரு. கதவு சாத்தாது."

சட்டையை எடுத்து அத்தையிடம் கொடுத்தேன். சாயங்காலத்துக்குள் ஆட்டம் போய்விட்டது. சக்கரத்துக்குப் போகும் கம்பியின் நீளத்தைத் திருத்தி, வளையத்தின் சுழற்சியை அந்தக் கம்பிக்குக் கடத்தும் ஸ்டீயரிங் பெட்டியை அதன் நடுப்புள்ளியில் நிறுத்தினேன். வளையத்தை ஒன்பதேகாலுக்கு மாட்டி, நட்டை முறுக்கினேன். அழகாக இருந்தது. கொஞ்சம் தள்ளி நின்றுகூடப் பார்த்தேன்.

வெள்ளிக்கிழமை காலை ஒத்திகை.

தேர் நாளில் லாரியின் முன் கண்ணாடி முழுக்கப் பூ. சாமந்தி, சம்பங்கி, நடுவில் சீரியல் லைட். டிரைவர் பார்க்க ஒரு தோசைக்கல் அளவுக்குத்தான் இடைவெளி விடுவார்கள். அது வழியாகத் தெரிவது முன்னே போகிறவரின் முதுகு மட்டும். அதனால் மாமா தேரைக் கண்ணால் ஓட்டுவதில்லை. கையால் ஓட்டுகிறார். கூடவே ஒருவர் கதவைத் தட்டிக்கொண்டு நடப்பார். ஒரு தட்டு தட்டினால் நேரே. தட்டாவிட்டால் நில். அவ்வளவுதான் வழிகாட்டல்.

பூவுக்குப் பதில் அத்தையின் பழைய புடவையைக் கண்ணாடியின் மேல் தொங்கவிட்டு, நடுவில் இடைவெளி விட்டோம். நான் கதவைத் தட்டினேன். லாரி புறப்பட்டது. ஆட்டமே இல்லை. எனக்கு ஒரே சந்தோஷம்...

கொஞ்ச தூரம் போனதும் லாரி மெல்ல, மிக மரியாதையாக, வலது பக்கம் சாய ஆரம்பித்தது. அங்கே வலை காயப் போட்டிருந்தார்கள்.

"யோவ், வலை! வலை!" அத்தை கத்தினார்.

பிரேக். பின்னால் எடுத்து மறுபடி ஓட்டினார். மறுபடி வலது. இந்த முறை ஒரு ஐஸ் பெட்டி தப்பியது.

மாமா தலையை வெளியே நீட்டினார். "ஜெனி, இன்னாம்மா பண்ண? முன்னல்லாம் வண்டி ஆடும். ஆனா நேராப் போவும். இப்ப ஆடல. ஆனா வலைக்குப் போவுது!"

என் முகம் எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். டயர் காற்றைப் பார்த்தேன். சமம். பிரேக் பிடித்துக்கொள்கிறதா? இல்லை. சக்கரங்களின் நேரை மறுபடி அளந்தேன். கச்சிதம். புடவையை எடுத்துவிட்டு நானே ஓட்டிப் பார்த்தேன். கோடு போட்ட மாதிரி போனது.

வண்டியில் தப்பில்லை என்றால்?

மறுபடி புடவையைப் போட்டு, இந்த முறை நான் உள்ளே ஏறி மாமாவின் பக்கத்தில் உட்கார்ந்தேன். ரோட்டைப் பார்க்கவில்லை. மாமாவின் கைகளைப் பார்த்தேன். லாரி நகர்ந்தது. அந்தக் கைகள் அவருக்கே தெரியாமல், மெதுவாக, ஸ்டீயரிங்கைப் பத்து இருபதுக்குக் கொண்டுபோய் நிறுத்தின.

"மாமா, உங்க கையைப் பாருங்க."

"ஏன்? நேராத்தான புடிச்சிகினு கீறேன்."

வண்டியை நிறுத்தச் சொன்னேன். கண்ணை மூடிக்கொண்டு ஸ்டீயரிங்கை நேராகப் பிடிக்கச் சொன்னேன். மூடினார். பிடித்தார். பத்து இருபது. கண்ணைத் திறந்து பார்த்து அவரே அசந்துபோனார். மறுபடி மூடினார். மறுபடி அதே இடம். "அடப்பாவி" என்றார், தன் கையைப் பார்த்து. திருவிழா விரதத்தில் அவர் சொன்ன ஒரே கெட்ட வார்த்தை அதுதான்.

அத்தனை வருஷமும் கோணலைப் பிடித்து நேராக ஓட்டிய கைகள். ரோடு கண்ணுக்குத் தெரிந்தால் கண் திருத்திவிடும். பூ மறைத்தால்? கைக்குத் தெரிந்த நேர் அதுதான்.

மாமா கீழே இறங்கி, படியிலேயே உட்கார்ந்துவிட்டார். "சூசைக்கு போன் போட்டு அந்த மினி லாரியே வரட்டும்னு சொல்லிடும்மா. மறுக்கா ஒருவாட்டி மாதாவ மாட்டிவுட்டேன்னு வெய்யி, நான் கோயிலுக்கே போவ முடியாது."

அத்தை ஒன்றும் சொல்லவில்லை. அத்தை ஒன்றும் சொல்லாமல் இருந்து நான் பார்த்ததில்லை.

அன்று வீட்டுக்குப் போன பிறகும் இதே யோசனை. அம்மாவின் போன் நினைவுக்கு வந்தது. போன மாதம் அதில் தாறுமாறாகக் கிடந்த ஆப்களையெல்லாம் அழகாக அடுக்கிக் கொடுத்தேன். அதற்கப்புறம் கொஞ்ச நாள் அம்மா யாருக்கும் போன் செய்யவில்லை. கேட்டால், "எல்லாம் நல்லாத்தான் இருக்கு. எதுவும்தான் இருக்குற எடத்துல இல்ல" என்றார். நான் சிரித்தேன். இப்போது சிரிப்பு வரவில்லை.

யோசித்தால், வண்டிக்குத் தேவையானது வேறு. மாமாவுக்குத் தேவையானது வேறு. வண்டிக்கு மூட்டுகள் இறுக்கமாக இருக்க வேண்டும், பெட்டி நடுவில் நிற்க வேண்டும், நட்டு அசையக்கூடாது. இதிலெல்லாம் பேரம் கிடையாது. ஆனால் மேலே இருக்கும் வளையம்? அது வெறும் கைப்பிடி. பல் பல்லாக இருக்கும் ஒரு தண்டின் மேல் உட்கார்ந்திருக்கிறது. எந்தப் பல்லில் உட்கார்ந்தாலும் கீழே இருக்கும் சக்கரங்களுக்குக் கவலையில்லை.

ஆட்டம் ஆபத்து. கோணல் வெறும் பழக்கம். இரண்டையும் ஒரே கூடையில் போட்டது நான்.

ஆக, சனிக்கிழமை காலை. வளையத்தைக் கழற்றினேன். மாமாவைக் கண்ணை மூடச் சொல்லி, அவர் கை நிற்கிற இடத்தைச் சாக்பீஸால் குறித்தேன். அதே இடத்தில் மாட்டி, நட்டை இறுக்கினேன். முறுக்கிய பிறகு அதில் நானே தொங்கிப் பார்த்தேன். அசையவில்லை.

"படிச்ச பொண்ணு பண்ற வேலையா இது?" என்றார் அத்தை. அவருக்குப் பேச்சு திரும்பிவிட்டது.

புடவையைத் தொங்கவிட்டோம். கதவைத் தட்டினேன். லாரி, வலைக்கும் ஐஸ் பெட்டிக்கும் நடுவே, நூல் பிடித்த மாதிரி போய் நின்றது. மாமா இறங்கவில்லை. "இன்னொருவாட்டி" என்றார். ஆசை தீர ஓட்டிவிட்டுத்தான் இறங்கினார்.

சாயங்காலம் சூசை அண்ணன் வந்தார். ஏறினார். ஸ்டீயரிங்கைப் பார்த்தார். முகம் சுருங்கியது.

"இன்னாம்மா ஜெனி? ரிப்பேர் பண்ணேன்னு சொன்னாங்க. கோணையா கீதே!"

"கோணலாத்தான் மாட்டியிருக்கேன் அண்ணே."

"மாட்டி... கீறியா?" மாமாவைப் பார்த்தார். "உங்க வூட்ல எல்லாருக்கும் இன்னாடா ஆச்சு?"

விளக்கினால் புரியாது என்று தோன்றியது. "உக்காருங்க. காட்டறேன்" என்றேன். காலி இடத்தின் ஒரு முனையில் லாரியை நிறுத்தினோம். மாமா முதல் கியரில் விட்டார். நடை வேகம். வண்டி நேரானதும் நான் ஜன்னல் வழியாகச் சொன்னேன்: "கையை எடுங்க மாமா."

மாமா இரண்டு கைகளையும் எடுத்து, ஜெபம் செய்வதுபோல் நெஞ்சில் குவித்துக்கொண்டார்.

"டேய் டேய் டேய்! புடிடா! மெய்யாலுமே எடுத்துட்டான்யா!" சூசை அண்ணன் டேஷ்போர்டை இரண்டு கையாலும் கட்டிப்பிடித்துக்கொண்டார். லாரி யாரையும் சட்டை செய்யாமல், பத்து இருபது காட்டிக்கொண்டே, நேராகப் போனது. மறுமுனையில் மாமா பிரேக் போட்டார்.

சூசை அண்ணன் கொஞ்ச நேரம் இறங்கவில்லை. பிறகு ஸ்டீயரிங்கைப் பிடித்து இழுத்துப் பார்த்தார். ஆட்டிப் பார்த்தார். அது ஆடவில்லை. "சோக்காத்தான் கீது" என்றார், யாரையும் பார்க்காமல். வெளியே நடந்துகொண்டே போனை எடுத்தார். "அல்லோ... மினி லாரி தம்பியா? வோணாம்பா. எங்க ஆளே கீறாரு."

மாமா அந்த வாக்கியத்தின் பாதியிலேயே லாரிக்கு அந்தப் பக்கம் போய்விட்டார். டயரைப் பார்ப்பதாகச் சொன்னார். அத்தையும் நானும் அந்தப் பக்கம் போகவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் தேர் கிளம்பியது. பேண்டு வாத்தியம், பாட்டு, பால்கனிகளிலிருந்து பூ. இந்த முறை கதவைத் தட்டும் வேலை எனக்கு. அந்தக் குறுகலான தெரு வந்தது. அதே மாடி வீடு. அதே பால்கனி. போன வருஷம் பார்த்தவர்கள் எல்லோரும் முன்கூட்டியே வந்து இடம் பிடித்து நின்றார்கள். கூட்டம் பாடுவதை நிறுத்திவிட்டது.

நான் அண்ணாந்து பார்த்தபடியே தட்டினேன். கிரீடம் நெருங்கியது. பால்கனிக் கம்பி நெருங்கியது. நடுவில் ஒரு கை நுழையும் இடம். லாரி துளியும் அலையவில்லை.

உள்ளேயிருந்து மாமாவின் குரல், மிக மெதுவாக: "தாண்டிச்சா?"

"தாண்டிடுச்சு மாமா."

"மெய்யாலுமா? எனுக்குப் பூ மட்டுந்தாம்மா தெரியுது."

அதற்குள் தெரு முழுக்கக் கைதட்டல். அவர் என்ன சொன்னார் என்று அப்புறம் எனக்குக் கேட்கவில்லை. ஆனால் கை ஒன்று வெளியே வந்து, என் தலையைத் தட்டிவிட்டு உள்ளே போனது.

திங்கட்கிழமை பூவெல்லாம் இறக்கிக்கொண்டிருந்தோம். நான் ஸ்பேனரோடு நின்றேன். தேர் முடிந்துவிட்டது. இனி வளையத்தை ஒழுங்காக மாட்டிவிடலாம், மாமா மெல்லப் பழகிக்கொள்வார் என்று கணக்கு. அப்போது சூசை அண்ணன் வந்தார். என் கையிலிருந்த ஸ்பேனரைப் பார்த்தார்.

"இன்னா பண்ணப் போற?"

"நேராக்கப் போறேன் அண்ணே."

"வையி கீழ!" என்றார். "அந்த ஸ்டீயரிங்க எவனும் தொடக்கூடாது. அடுத்த வருசத் தேருக்கு அது அப்டியே வோணும்."

மாமாவின் காதில் 'அடுத்த வருசத் தேர்' மட்டும்தான் விழுந்தது. அன்றைக்கு அவர் மூன்று தட்டு பிரியாணி சாப்பிட்டதாக அத்தை போனில் புகார் சொன்னார்.

இப்போது கமிட்டிக்கு இருப்பது ஒரே ஒரு பயம்தான்... மாமா புது லாரி எதுவும் வாங்கித் தொலைக்கக்கூடாது.